ஊருக்கொரு மருத்துவமனை – 7: பிளைன்ஸ் ஊர்க்காரரும் ஒன்பது சதவீதமும்

1924 அக்டோபர் 1. ஜார்ஜியா மாநிலத்தில் பிளைன்ஸ் என்றொரு சிற்றூர். நிலக்கடலையும் பருத்தியும் விளைகிற செம்மண் பூமி. ஊரில் இருந்த வைஸ் மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்த லில்லியனுக்கு அன்று தலைப்பிரசவம். ஆண் குழந்தை.

அதற்கு முன் அமெரிக்க அதிபர்களாக இருந்த அத்தனை பேரும் வீட்டில் பிறந்தவர்கள். மருத்துவமனையில் பிறந்து அதிபரான முதல் ஆள் அந்தக் குழந்தை. பெயர் ஜிம்மி கார்ட்டர்.

மருத்துவமனையோடு அவருக்கிருந்த உறவு பிரசவ அறையோடு முடியவில்லை. அம்மா நர்ஸ். 68 வயதில் அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பில் தொண்டராகப் பெயர் கொடுத்து, பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலிக்கு வந்து, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இங்கே நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். மகனோ 1956 முதல் 1970 வரை சொந்த மாவட்டத்தின் மருத்துவமனை வாரியத்தில் உறுப்பினர். புதுக் கட்டடம் எப்படி வருகிறது, புது எந்திரத்தை யார் கேட்கிறார்கள், அதன் விலை எந்த வழியாக நோயாளியின் பில்லில் போய் உட்காருகிறது என்பதையெல்லாம் மேசையின் இந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்.

அந்த மனிதர்தான் 1977இல், நாட்டின் மருத்துவமனைகளுடைய வரவுக்கு ஒரு வரம்பு கட்டப் போனார். இரண்டரை ஆண்டு முட்டி மோதினார். தோற்றார்.

யாரிடம் தோற்றார் என்பதுதான் இந்த வாரக் கதை.

* * *

முதலில் விட்ட இடத்தை ஒருமுறை தொட்டுவிடுவோம்.

1946இல் ஹில்–பர்ட்டன் சட்டம் வந்ததையும், மத்திய அரசின் பணத்தில் சின்னச் சின்ன ஊர்களில்கூட மருத்துவமனைக் கட்டடங்கள் எழுந்ததையும் பார்த்தோம். 1965 ஜூலை 30 அன்று மிசௌரியில், முதியவரான முன்னாள் அதிபர் ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிபர் ஜான்சன் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டதையும் பார்த்தோம்.

அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவுதான் நமக்கு இப்போது முக்கியம். 65 வயது தாண்டிய நோயாளி ஒருவருக்கு மருத்துவமனை செய்த நியாயமான செலவு எவ்வளவோ, அதை அரசு கொடுத்துவிடும். முன்கூட்டியே விலை கிடையாது. செலவு செய், கணக்கு எழுது, வாங்கிக்கொள். தொடக்க ஆண்டுகளில் இலாப நோக்கற்ற மருத்துவமனைகளுக்கு அதன் மேல் 2 சதவீதம் கூடுதலும் உண்டு. கடனுக்கு வட்டி, கட்டடத்துக்குத் தேய்மானம் இரண்டும் செலவுக் கணக்கில் சேரும். ஹில்–பர்ட்டன் மானியத்தில் அரசே கட்டிக்கொடுத்த கட்டடத்துக்கும் தேய்மானம் கேட்கலாம் என்றிருந்தது. ஒரே சுவருக்கு அரசு இரண்டு முறை பணம் கொடுத்தது.

மருத்துவமனைகள் முரண்டு பிடித்தால் திட்டமே நின்றுவிடும் என்ற பயத்தில் வாஷிங்டன் கொடுத்த சலுகை அது. அந்தப் பயம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 1966 ஜூலை 1 அன்று கதவைத் திறந்தே ஆக வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சலுகைக்கான பில் அடுத்த பத்தாண்டுகளில் வந்தது.

நடுவில் 1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் நாடு முழுவதும் கூலிக்கும் விலைக்கும் பூட்டுப் போட்டார். மருத்துவமனைகளும் அதற்குள் அடங்கின. 1974 ஏப்ரல் 30 அன்று பூட்டுத் திறந்தது. அடுத்த மாதங்களிலேயே கட்டணங்கள் எகிறின.

கார்ட்டர் பதவியேற்றபோது மருத்துவமனைச் செலவு ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் போனால் ஐந்தே ஆண்டில் எந்தத் தொகையும் இரட்டிப்பாகும்.

* * *

1977 ஏப்ரல் 25. கார்ட்டரின் செய்தி நாடாளுமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மருத்துவமனைச் செலவுக் கட்டுப்பாட்டு மசோதா.

பின்னால் நின்று அதைத் தள்ளியவர் ஜோசப் கலிஃபானோ. சுகாதாரம், கல்வி, மக்கள் நல்வாழ்வு மூன்றையும் ஒன்றாகச் சுமந்த துறையின் அமைச்சர். மெடிகேர் நடைமுறைக்கு வந்த காலத்தில் ஜான்சனுக்கு வலக்கையாக வெள்ளை மாளிகையில் இருந்தவர். திறந்துவிட்ட மதகின் பக்கத்தில் அன்று நின்றவரே இப்போது அதை அடைக்க வந்திருந்தார்.

மசோதா சொன்னது சுருக்கமானது. ஒரு மருத்துவமனை உள்நோயாளிகளிடமிருந்து பெறும் மொத்த வரவு, ஆண்டுக்குச் சுமார் 9 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. மெடிகேர் பணமோ, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் பணமோ, புளூ கிராஸ் காப்பீடோ, யார் கொடுத்தாலும் இதே வரம்பு. இன்னொரு பிரிவு அதைவிடக் கடுமையானது. புதுக் கட்டடம், பெரிய கருவி என்று நாடு முழுவதும் மருத்துவமனைகள் போடும் மூலதனச் செலவு ஆண்டுக்கு 250 கோடி டாலரைத் தாண்டக் கூடாது.

தொழிற்சங்கங்களைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள ஒரு விலக்கும் தந்தார்கள். மேற்பார்வையாளர் அல்லாத ஊழியர்களின் சம்பள உயர்வு இந்த 9 சதவீதத்தில் சேராது.

கார்ட்டருக்கு இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு தருவேன் என்று தேர்தலில் சொல்லி வந்தவர். செலவு ஓடுகிற வேகத்தை முதலில் நிறுத்தாமல் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்று நம்பினார். அந்த நம்பிக்கை சரிதான். முதல் படியிலேயே கால் இடறும் என்பதை மட்டும் அவர் எதிர்பார்க்கவில்லை.

* * *

எதிர்த் தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்து வைக்க வேண்டும். அதில் சரக்கு இருந்தது.

இரண்டு மருத்துவமனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஏற்கெனவே வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஆண்டுக்கு ஒரு கோடி டாலரில் நடக்கிறது. அதே அளவுள்ள மற்றொன்று தாராளமாகச் செலவழித்து இரண்டு கோடியில் நடக்கிறது. 9 சதவீதம் என்றால் முதலாவதுக்கு 9 லட்சம் கூடும். இரண்டாவதுக்கு 18 லட்சம். சிக்கனமாக இருந்தவனுக்குத் தண்டனை, ஊதாரிக்குப் பரிசு. மருத்துவமனைத் தரப்பு இதைச் சொன்னபோது, மசோதாவை ஆதரித்தவர்களால் நேரே பதில் சொல்ல முடியவில்லை.

எண்ணெய் விலை, உணவு விலை, பொறுப்பீட்டுக் காப்பீட்டுத் தொகை எல்லாம் ஏறும்போது எங்களுக்கு மட்டும் ஏன் கயிறு என்றும் கேட்டார்கள். 60களில் நர்ஸுகளுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் கொடுக்கப்பட்ட சம்பளம் அற்பமானது. செலவு ஏறியதில் ஒரு பங்கு அவர்களுக்கு நியாயமாகப் போய்ச் சேர்ந்த பணம். இதுவும் உண்மை.

ஆனால் மறுபக்க உண்மையும் இருந்தது. நாட்டில் படுக்கைகள் தேவைக்கு மேல் இருக்கின்றன, பத்தில் ஒரு பங்கு குறைக்கலாம் என்று மருத்துவ நிறுவகம் 1976லேயே பரிந்துரைத்திருந்தது. காலிப் படுக்கைக்கும் விளக்கு எரிகிறது, ஆள் சம்பளம் ஓடுகிறது. அந்தச் செலவைப் படுத்திருக்கும் நோயாளிதான் சுமக்கிறார்.

பிறகு சி.டி. ஸ்கேன். 70களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பிறந்த அந்தக் கருவி, மண்டையைத் திறக்காமலே மூளையைக் காட்டியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென்று ஒன்று வேண்டும் என்றது. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் இருந்தாலும் நமக்கும் வேண்டும். கட்டுப்பாட்டை ஆதரித்தவர்கள் வீண் செலவுக்கு உதாரணம் காட்டியபோதெல்லாம் அதையே காட்டினார்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். அந்தக் கருவி உயிர் காத்தது. அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் 1979 அக்டோபரில் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மாதத்துக்குச் சற்று மேல் கழித்து, இதே மசோதா கடைசி வாக்கெடுப்புக்கு வந்தது. எந்தச் செலவு வீண், எந்தச் செலவு நாளைய நோபல் என்று 1977இல் யாரால் சொல்லியிருக்க முடியும்?

* * *

இப்போது போர்க்களத்தின் அமைப்பைப் பார்க்கலாம். முடிவை நிர்ணயித்தது அதுதான்.

மருத்துவமனைகள் தரப்பில் மூன்று பெரிய அமைப்புகள். மூத்தது அமெரிக்க மருத்துவமனைச் சங்கம். தலைமையகம் சிகாகோவில். அதன் தலைவர் அலெக்சாண்டர் மக்மேகன், முன்பு வட கரோலினாவில் புளூ கிராஸ் காப்பீட்டை நடத்தியவர். பணம் கொடுப்பவன் எப்படி யோசிப்பான் என்று தெரிந்தவர். இரண்டாவது, இலாபத்துக்கு நடக்கும் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு. அதன் வாஷிங்டன் முகம் மைக்கேல் பிராம்பெர்க், நாடாளுமன்றத்தின் சந்துபொந்தெல்லாம் அறிந்த இளைஞர். மூன்றாவது, டாக்டர்களின் அமெரிக்க மருத்துவச் சங்கம். அதன் தேர்தல் நிதி அந்நாளில் நாட்டின் பெரிய நிதிகளில் ஒன்று.

பணம் பேசியது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. பணமும் பேசியதுதான். ஆனால் பணத்தைவிட உரக்கப் பேசியது வேறு ஒன்று.

பிரதிநிதிகள் அவையில் 435 தொகுதிகள். நாட்டில் அப்போது ஏறத்தாழ 6,000 பொது மருத்துவமனைகள். வகுத்துப் பாருங்கள், தொகுதிக்குச் சராசரியாகப் பதின்மூன்றுக்கு மேல். பல சிற்றூர்களில் அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் இடமே மருத்துவமனைதான்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் அறங்காவலர் குழு. நம் ஊர்க் கோயில் அறங்காவலர் குழுவை நினைத்துக்கொண்டால் உருவம் பிடிபடும். அதில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளூர் வங்கி மேலாளர், கார் விற்பவர், வழக்கறிஞர், பத்திரிகை முதலாளி, தேவாலயத்தில் முதல் வரிசையில் இருப்பவர். சம்பளம் கிடையாது. ஊருக்குச் செய்யும் தொண்டு என்று உண்மையாகவே நினைப்பவர்கள். தேர்தல் வந்தால் உறுப்பினருக்கு மேடை போட்டுக் கொடுப்பவர்களும் அவர்கள்தான்.

சிகாகோவிலிருந்து கடிதம் மாநிலச் சங்கத்துக்குப் போகும். அங்கிருந்து ஊர் மருத்துவமனை நிர்வாகிக்கு. அவர் அறங்காவலர் கூட்டத்தில் மசோதாவைப் படித்துக் காட்டுவார். பிறகு தொலைபேசி மணி வாஷிங்டனில் அடிக்கும். பேசுவது தரகர் இல்லை. உறுப்பினரின் பால்ய நண்பர். "நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் புதுப் பிரசவ வார்டு கட்ட முடியாது போலிருக்கிறதே" என்பார்.

ஒன்பது சதவீதம் என்ற எண்ணுக்கு எந்தத் தொகுதியிலும் வாக்காளர் இல்லை. பிரசவ வார்டுக்கு எல்லாத் தொகுதியிலும் இருந்தார்கள்.

இந்த 6,000 கட்டடங்களில் எத்தனையோ 1946 சட்டத்தின் பணத்தில் எழுந்தவை. ஊருக்கொரு மருத்துவமனை என்று அரசு கட்டிக்கொடுத்தது. இப்போது அந்த ஊர்களெல்லாம் ஒன்றாக எழுந்து அரசுக்கு எதிரே நின்றன. கார்ட்டரும் ஒருகாலத்தில் இப்படி ஒரு வாரியத்தில் இருந்தவர். அவருக்கு இந்தப் படையின் பலம் தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தும் இறங்கினார் என்பதில்தான் எனக்கு அவர்மேல் மதிப்பு.

* * *

மசோதா நான்கு குழுக்களின் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. செனட்டில் இரண்டு, பிரதிநிதிகள் அவையில் இரண்டு. செனட்டர் எட்வர்டு கென்னடியின் கையிலிருந்த வழி எளிதாகத் திறந்தது. மற்ற இடங்களில் இழுபறி.

அந்த இழுபறியில்தான் டேன் ரோஸ்டென்கோவ்ஸ்கி நுழைகிறார். சிகாகோக்காரர், கார்ட்டரின் கட்சி, வரிக்குழுவின் சுகாதாரத் துணைக்குழுத் தலைவர். மசோதாவுக்குப் போதுமான ஆதரவு இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். 1977 இறுதியில் மருத்துவமனைத் தரப்பிடம் ஒரு சவாலை வீசினார். சட்டம் வேண்டாம் என்கிறீர்களே, நீங்களாகவே செலவைக் குறைத்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

மருத்துவமனைகள் அந்தப் பந்தைக் கீழே விடவில்லை.

டிசம்பருக்குள் மூன்று அமைப்புகளும் சேர்ந்து ஒரு திட்டத்தை அறிவித்தன. பெயர் 'தன்னார்வ முயற்சி'. 1978இலும் 1979இலும் செலவு ஏறும் வேகத்தை ஆண்டுக்கு இரண்டு சதவீதப் புள்ளிகள் குறைப்போம். படுக்கைகளின் மொத்த எண்ணிக்கையைக் கூட்ட மாட்டோம். புது முதலீட்டில் கை அடக்குவோம். ஒவ்வொரு மாநிலத்திலும் இதைக் கண்காணிக்க ஒரு குழு. காப்பீட்டு நிறுவனங்களும் கருவி செய்பவர்களும் வந்து கைகோத்தார்கள்.

வரலாற்றில் திரும்பிப் பார்க்கும்போது, போரின் போக்கு மாறிய நாள் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதுவரை மருத்துவமனைகள் 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தன. வெறும் மறுப்பை வைத்துக்கொண்டு எந்த உறுப்பினரும் தொகுதிக்குப் போக முடியாது. இப்போது அவர் கையில் ஒரு மாற்று இருந்தது. 'நான் செலவைக் கட்டுப்படுத்துவதை எதிர்க்கவில்லை, அரசு அதிகாரி வந்து கட்டுப்படுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்' என்று நிம்மதியாகச் சொல்லலாம்.

எண்களும் கைகொடுத்தன. மருத்துவமனைச் செலவு 1977இல் 15.6 சதவீதம் ஏறியிருந்தது. 1978இல் ஏற்றம் 12.8 சதவீதமாகக் குறைந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டோம் என்றார்கள்.

கலிஃபானோவின் ஆட்கள் வேறு மாதிரிப் படித்தார்கள். மேரிலாந்து, நியூயார்க், நியூஜெர்சி போன்ற சில மாநிலங்கள் ஏற்கெனவே தங்கள் சட்டத்தால் மருத்துவமனைக் கட்டணங்களைக் கட்டிவைத்திருந்தன. ஏற்றம் அங்கேதான் அதிகமாக அடங்கியது. மற்ற இடங்களில் அடங்கியதற்குக் காரணம், தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த இந்த மசோதா. கத்தியை எடுத்துவிட்டால் கழுத்து பழையபடி நிமிரும் என்றார்கள்.

* * *

1978 ஜூலை 18, செவ்வாய்க்கிழமை.

பிரதிநிதிகள் அவையின் வணிகக் குழு. 43 உறுப்பினர்கள். கார்ட்டரின் ஜனநாயகக் கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை. தாளில் பார்த்தால் கார்ட்டர் தோற்க வழியே இல்லை.

வட கரோலினாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜேம்ஸ் பிராய்ஹில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கட்டாய வரம்பை எடுத்துவிடு. மருத்துவமனைகளின் தன்னார்வ முயற்சியை அங்கீகரி. மாநிலங்கள் தாமாக ஏதாவது செய்தால் உதவி செய். அவ்வளவுதான். உடல் அப்படியே இருக்க, எலும்பை மட்டும் உருவி எடுக்கிற திருத்தம்.

குழுச் செயலர் பெயர் பெயராக அழைக்கிறார். ஆம். இல்லை. ஆம். ஆம். இல்லை.

கூட்டினார்கள். 22 ஆம். 21 இல்லை.

ஒரே ஒரு வாக்கு. ஜனநாயகக் கட்சியின் ஒரே ஒரு உறுப்பினர் அன்று கை மாற்றிப் போட்டிருந்தால் வரலாறு வேறு என்று எழுதத் தோன்றும். ஆனால் அங்கே கட்சி மாறி வாக்களித்தவர் ஒருவர் இல்லை, பலர். ஒவ்வொருவர் தொகுதியிலும் பதின்மூன்று மருத்துவமனைகள்.

அக்டோபரில் செனட்டில் ஓர் ஒளிக்கீற்று. விஸ்கான்சினின் கேலார்டு நெல்சன், பூமி தினத்தைத் தொடங்கி வைத்த அதே மனிதர், நடுவழி ஒன்றைக் கொண்டுவந்தார். முதலில் தன்னார்வம், இலக்கு தவறினால் மட்டும் கட்டாயம். செனட் அதை நிறைவேற்றியது. ஆனால் கூட்டத்தொடர் முடியச் சில நாள்களே இருந்தன. மற்ற அவை அதைக் கையில் எடுக்கவே இல்லை. கூட்டத்தொடரோடு மசோதாவும் செத்தது.

* * *

வேறு அதிபராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். கார்ட்டர் 1979 மார்ச்சில் மறுபடி கொண்டுவந்தார்.

இம்முறை மசோதா மெலிந்திருந்தது. அந்த ஆண்டுக்கு 9.7 சதவீதம் என்று ஓர் இலக்கு. மருத்துவமனைகள் தாமாக அதற்குள் நின்றால் அரசு தலையிடாது. தாண்டினால்தான் கட்டாயம். கிராமப்புறச் சிறு மருத்துவமனைகளுக்கு விலக்கு. சொந்தக் கட்டுப்பாடு வைத்திருக்கும் மாநிலங்களுக்கு விலக்கு. இவ்வளவு விட்டுக்கொடுத்த பிறகும் ஐந்தாண்டுகளில் 5,300 கோடி டாலர் மிச்சமாகும் என்று வெள்ளை மாளிகை கணக்குச் சொன்னது.

நாட்டின் விலைவாசி தலைகீழாகப் போய்க்கொண்டிருந்த ஆண்டு அது. பெட்ரோலுக்கு நீண்ட வரிசைகள். விலைவாசியை அடக்க என்னிடம் இருக்கும் ஆயுதங்களில் இது முக்கியமானது என்று கார்ட்டர் ஊர் ஊராகச் சொன்னார்.

ஜூலையில் அவரே தன் ஆயுதத்தின் பிடியை உடைத்தார். அமைச்சரவையில் பெரிய மாற்றம் செய்தபோது கலிஃபானோவை வெளியே அனுப்பினார். இரண்டரை ஆண்டுகளாக ஒவ்வொரு உறுப்பினரின் பலவீனத்தையும் மனப்பாடமாக வைத்திருந்த தளபதி போனார். பட்ரீஷியா ராபர்ட்ஸ் ஹாரிஸ் வந்தார். திறமையானவர்தான். ஆனால் படை அணிவகுத்து நிற்கும்போது தளபதியை மாற்றக் கூடாது.

இருந்தும் மசோதா இரண்டு குழுக்களையும் கடந்தது. சென்ற ஆண்டு எலும்பை உருவிய அதே வணிகக் குழு இம்முறை வழிவிட்டது. நியூயார்க்கின் சார்லஸ் ரேஞ்சலும் கலிஃபோர்னியாவின் ஹென்றி வாக்ஸ்மனும் துணைக்குழுக்களை நடத்தி அதை முழு அவைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கடைசிக் கதவு மட்டும் பாக்கி.

* * *

நவம்பர் 4. டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிபட்டது. ஊழியர்கள் பிணைக்கைதிகள்.

நவம்பர் 7. எட்வர்டு கென்னடி, அதிபர் வேட்பாளர் போட்டியில் கார்ட்டருக்கு எதிராகக் களமிறங்குவதாக அறிவித்தார். மசோதாவுக்குக் கைகொடுத்த கென்னடியே.

நவம்பர் 15, வியாழக்கிழமை. பிரதிநிதிகள் அவையில் மருத்துவமனை மசோதா.

எழுந்தவர் ரிச்சர்டு கெப்ஹார்ட். வயது 38. மிசௌரியின் செயின்ட் லூயிஸ்காரர். கார்ட்டரின் கட்சி. மசோதாவின் வாசகத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கும் மாற்றுத் திருத்தம் அவர் கையில். கட்டாய வரம்பு வேண்டாம், ஆராய ஒரு தேசிய ஆணையம் அமைப்போம், தன்னார்வ முயற்சி தொடரட்டும், மாநிலங்களுக்கு உதவுவோம்.

இதைக் குடியரசுக் கட்சிக்காரர் கொண்டுவந்திருந்தால் கட்சிச் சண்டையாகியிருக்கும். சொந்த வீட்டுப் பிள்ளை கொண்டுவந்தார். மனம் ஊசலாடிய ஜனநாயகக் கட்சியினருக்கு அது ஏற்ற நிழல். மருத்துவமனைத் தரப்பின் பரப்புரை நுட்பத்தை இந்த ஒரு தேர்விலேயே படித்துவிடலாம்.

வாக்குகள் எண்ணப்பட்டன.

திருத்தத்துக்கு ஆதரவு 234. எதிர்ப்பு 166.

அவையில் குடியரசுக் கட்சிக்கு இருந்தது ஏறத்தாழ 160 பேர். அத்தனை பேரும் திருத்தத்தின் பக்கம் நின்றார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் எழுபதுக்கு மேல் இடிக்கிறது. அந்த எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதிபரின் சொந்தக் கட்சியினர்.

பிளைன்ஸ் மருத்துவமனையில் பிறந்தவர், தொகுதிக்குப் பதின்மூன்று மருத்துவமனைகளிடம் தோற்றார்.

* * *

வென்றவர்கள் என்ன செய்தார்கள்?

கத்தி பற்றி கலிஃபானோவின் ஆட்கள் சொன்னது பலித்தது. தன்னார்வ முயற்சியின் குழுக்கள் மெல்லக் கலைந்தன. 1980இலும் 1981இலும் மருத்துவமனைச் செலவு மறுபடி வேகமெடுத்தது. பொது விலைவாசி ஏறியதும் ஒரு காரணம். ஆனால் அதையும் தாண்டி ஏறியது. வயதானவர்களின் மருத்துவமனைச் சிகிச்சைக்கென்று தொழிலாளர் ஊதியத்திலிருந்து பிடித்துச் சேர்த்த மெடிகேர் நிதி காலியாகப் போகிறது என்ற எச்சரிக்கைகள் வரத் தொடங்கின. அந்த நிதியில் விழும் ஒவ்வொரு டாலரும் யாரோ ஒருவருடைய வாரச் சம்பளத்தில் பிடித்தது. இந்தக் கதையை எழுதும்போது 234, 166 என்ற எண்களைவிட அந்தச் சம்பள உறைதான் என் மனத்தை உறுத்துகிறது.

1980 நவம்பரில் கார்ட்டரும் தோற்றார். ரீகன் வந்தார். மருத்துவமனைகள் மூச்சுவிட்டன. அரசுத் தலையீட்டை வெறுக்கும் அதிபர். அவருடைய வரவுசெலவுத் துறையின் தலைவரோ மிச்சிகனின் டேவிட் ஸ்டாக்மன். கார்ட்டரின் மசோதாவை வணிகக் குழுவில் கடுமையாக எதிர்த்தவர். அவரைவிட நல்ல நண்பர் கிடைப்பாரா?

1982 செப்டம்பர் 3. ரீகன் ஒரு வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் உள்ளே, மெடிகேர் மருத்துவமனைகளுக்குத் தரும் பணத்துக்குப் புதிய உச்சவரம்புகள். கார்ட்டர் கேட்டதைப் பார்த்து அலறியவர்கள் இதைப் படித்துவிட்டு வாயடைத்துப் போனார்கள். இந்த வரம்பு மெடிகேர் நோயாளிக்கு மட்டும்தான். ஆனால் பிடி இறுக்கமானது. கூடவே ஓர் ஆணையும் இருந்தது: மருத்துவமனைகளுக்கு முன்கூட்டியே விலை குறிக்கும் திட்டம் ஒன்றை ஆண்டு முடிவதற்குள் சுகாதார அமைச்சர் நாடாளுமன்றத்திடம் தர வேண்டும்.

அதற்குள் நியூஜெர்சி மாநிலம் ஒரு சோதனையில் இறங்கியிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் நோயாளிகளை நோய்வாரியாகப் பிரித்து நூற்றுக்கணக்கான கட்டங்களில் அடைத்திருந்தார்கள். இந்தக் கட்டத்தில் வரும் நோயாளிக்கு இவ்வளவுதான். நான்கு நாள் படுத்தாலும் அதே தொகை, பதினான்கு நாள் படுத்தாலும் அதே தொகை. 9 சதவீத வரம்பு வரவை மட்டும்தான் தொட்டது. இது மருத்துவமனையின் மூளையையே தொடுகிற திட்டம்.

அப்படிப்பட்ட ஒன்றை மருத்துவமனைகள் உயிரைக் கொடுத்தாவது தடுத்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அறங்காவலர்கள் இருந்தார்கள். தொலைபேசி இருந்தது. தொகுதிக்குப் பதின்மூன்று கட்டடங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஆனால் 1982இல் அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் வாஷிங்டனுக்கு வந்து, முன்கூட்டியே விலை குறித்துக் கொடுங்கள் என்று தானே கேட்டது. சட்டமே வேண்டாம் என்று இரண்டரை ஆண்டு போராடி வென்ற அதே மக்மேகன்தான் அப்போதும் அதன் தலைவர்.

மூன்றே ஆண்டில் அவர் அந்தக் கட்டங்களில் என்ன கண்டார்?

(அடுத்த வாரம் தொடரும்)